புணேச் சாலைகளில் முன்ஃபோர்க்குக்கு ஓர் உறை

புணேயின் ஆகுர்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பஜாஜ் ஆட்டோ நிறுவனம், தன் வண்டிகளிலேயே விலை குறைந்த வரிசையைச் சேர்ந்த சி.டி.100-ஐ 2020 அக்டோபரில் ‘கடக்’ என்ற பெயரில் சில சேர்ப்புகளோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. பெட்ரோல் டேங்கின் இருபுறமும் ரப்பர் பட்டை, ஹேண்டில்பாருக்குக் குறுக்குக் கம்பி, தடித்த சீட் என்று நீண்ட அந்தச் சேர்ப்புகளுள், முன்சக்கரத்துக்கு மேலே இருபுறமும் கருப்பாக, மடிப்பு மடிப்பாக அமைந்த ரப்பர் உறைகளும் இருந்தன. அதே நிறுவனம் அதே காலத்தில் மிகக் கூடுதலான விலைக்கு விற்ற பல்சர் வண்டிகளில் அந்த உறை கிடையாது. குரோமியம் பூசிய குழாய் அங்கே பளபளவென்று வெளியே தெரியும். ஆனால் மலைப்பாதைக்கென்றே உருவாக்கப்பட்டு 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனிலும், 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இலும் அதே ரப்பர் உறை மறுபடி தலைகாட்டுகிறது. புணேயை ஒட்டிய முல்சியின் கிராமங்களிலிருந்து பால் கேன்களைக் கட்டிக்கொண்டு நகருக்கு வருபவரின் வண்டிக்கும் லடாக்குக்குப் புறப்படுபவரின் வண்டிக்கும் வேண்டியிருக்கிற ஒரு பொருள், இடையில் உள்ள பெருங்கூட்டத்தின் வண்டிகளுக்கு மட்டும் வேண்டாததாகிவிட்டது எப்படி என்பதற்கு, எந்திர நுட்பத்தில் பாதி விடையும் நாகரிக மோகத்தில் மீதி விடையும் இருக்கின்றன.

முன்சக்கரத்தின் அச்சை இருபுறமும் பற்றிக்கொண்டு ஹேண்டில்பார் வரை எழும் இரண்டு கால்களைச் சேர்த்தே ஃபோர்க் என்கிறார்கள். பட்டறைப் பேச்சில் அது வெறும் ‘முன் ஷாக்’. ஒவ்வொரு காலும், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஏறி இறங்கும் இரண்டு குழாய்களால் ஆனது. சாதாரண வண்டிகளில், மேலிருந்து வரும் மெல்லிய எஃகுக் குழாய், கீழே சக்கரத்தோடு பிணைந்திருக்கும் பருத்த அலுமினியக் குழாய்க்குள் இறங்குகிறது. உள்ளிருக்கும் சுருள்வில் குண்டுகுழிகளின் அடியை வாங்கிக்கொள்ள, கூடவே நிரப்பப்பட்டிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் சென்று, அந்த வில் மனம்போனபடி துள்ளாமல் அடக்கிவைக்கிறது. எண்ணெயால் துள்ளலை அடக்கும் இந்த டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்த வண்டிகளில் முதலில் பொருத்தியது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம். 1935இல் அதன் ஆர்12, ஆர்17 வண்டிகளோடு தொடங்கிய அமைப்பே, நுட்பங்கள் எத்தனையோ மாறியும் அடிப்படை மாறாமல், இன்று உலகின் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களைத் தாங்கி நிற்கிறது.

எண்ணெய் உள்ளேயும் தூசி வெளியேயும் இருக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் உயிர்நிலை. அந்த எல்லையைக் காப்பது ஆயில் சீல் எனப்படும் வளையம். கீழ்க்குழாயின் வாயில் பதிந்திருக்கும் அதன் ரப்பர் உதட்டை ஒரு நுண்ணிய சுருள்கம்பி வளையம் இறுக்கிப் பிடித்திருப்பதால், மேலும் கீழும் ஓடும் எஃகுக் குழாயை அது எந்நேரமும் தழுவியபடியே இருக்கும். அதற்கு மேலே டஸ்ட் சீல் என்ற இன்னொரு வளையம், வரும் தூசியை வழித்துத் தள்ளும் காவலாக அமைகிறது. எஃகுக் குழாயின் மேல் பூசப்படும் கடினக் குரோமியத்தின் கனம், ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் ஓரிரு கூறுதான். அந்த மெல்லிய பூச்சை அரைத்து மெருகேற்றிய வழவழப்பின் மேல்தான் சீலின் ஆயுள் நிற்கிறது. வாங்குபவரின் கண்ணுக்கு அலங்காரமாகத் தோன்றும் அந்தப் பளபளப்பு, உண்மையில் கீறல் படாமல் காக்கப்பட வேண்டிய ஒரு வேலைப் பரப்பு.

அந்தப் பரப்பு கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது அவசியம், ஏனெனில் உறை ஒன்றை ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கும், மற்றதைக் குறைக்க மட்டுமே செய்யும். முதலாவது கல்லடி. முன்னால் செல்லும் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லித் துணுக்கு குழாயின் முகத்தில் பட்டால், கடினமானாலும் நொறுங்கும் இயல்புடைய குரோமியம் அந்த ஒரு புள்ளியில் உடைந்து பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து எஃகு துருப்பிடிக்க, துருவின் பருமன் சுற்றியுள்ள பூச்சையும் மெல்லத் தூக்கிவிட, குழியும் கூர்விளிம்புமாக ஒரு சிறு வடு உருவாகிறது. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது அந்த வடு சீலின் உதட்டைக் கடந்து போய்த் திரும்புகிறது. சில ஆயிரம் முறை அப்படிப் போய் வந்தபின் உதடு வெட்டுப்பட்டு எண்ணெய் கசிவது வெறும் கால அளவுக் கேள்விதான்.

இரண்டாவது சேறு. குழாயின் மேல் தெறித்த சேறு காய்ந்து கெட்டியாகி, ஃபோர்க் அமுங்கும்போது டஸ்ட் சீலின் கீழ் நுழைந்துவிடுகிறது. பரவலாக நினைக்கப்படுவதுபோல் மண் துகள் குரோமியத்தை உடனே கீறிவிடுவதில்லை. முதலில் தோற்பது ரப்பர்தான். நுண்துகள்கள் உதட்டில் பதிந்து அதைத் தேய்ப்பதோடு, உதட்டுக்கும் குழாய்க்கும் இடையே சிறு இடைவெளியை உண்டாக்க, அந்த வழியே எண்ணெய்ப் படலம் மேலேறி வந்து இன்னும் தூசியை ஒட்டவைக்கிறது. சேற்றால் வந்த கசிவு தொடக்கத்திலேயே கண்டுகொள்ளப்பட்டால் சீலை மாற்றாமலே சரியாகிவிடுவதும் உண்டு: டஸ்ட் சீலைச் சற்றே மேலே தூக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டொன்றை உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்துச் சுற்றிவந்தால், சிக்கியிருக்கும் துகள் ஃபிலிமில் கரும்புள்ளியாக ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சீலுக்குப் பணம் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பார்கள். செய்து பாராமலே சீல் போய்விட்டது என்று சொல்பவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கசிந்த எண்ணெய் குழாயோடு நின்றுவிடுமானால் அதைச் செலவுக் கணக்கோடு விட்டுவிடலாம். ஆனால் அது காலின் வழியே வழிந்து, கீழே பொருத்தப்பட்டுள்ள டிஸ்க் பிரேக்கின் பேடுகளை எட்டினால், எண்ணெயில் ஊறிய பேடு வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலுவை இழந்துவிடுகிறது. ஒரு காலில் எண்ணெய் குறைந்து மறுகாலில் நிறைந்திருக்கும் வண்டி, பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. சில நூறு ரூபாய் பெறும் ரப்பர் உறையைப் பற்றிப் பேசுவதற்கு இந்த அளவு நியாயம் போதும்.

கல்லடி, சேறு என்ற அந்த இரண்டு கேடுகளுக்கும் வேண்டிய எல்லாப் பொருளையும் புணேயின் நிலவியல் தாராளமாகவே வைத்திருக்கிறது. நகரமும் சுற்றுப்புறமும், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அலையலையாகப் பாய்ந்து உறைந்த எரிமலைக் குழம்பினாலான தக்காணப் பாறையின் மேல் அமைந்தவை. அந்தக் கரும்பாறையான பசால்ட்டை உடைக்கும் குவாரிகள் நகரின் கிழக்கே வாகோலிப் பகுதியில் நெடுங்காலமாக இயங்கி வந்திருக்கின்றன. கேவன்சைட் என்ற அரிய நீலக் கனிமத்தால் உலகக் கனிமச் சேகரிப்பாளர்களிடையே வாகோலிக்கு ஒரு தனிப்புகழும் உண்டு என்பது வழியில் சொல்லிவைக்க வேண்டிய செய்தி. வண்டியோட்டுபவருக்கு அந்தப் புகழால் பயனில்லை. குவாரியிலிருந்து ஜல்லியும் கல்பொடியும் ஏற்றிச் செல்லும் லாரிகளிலிருந்து சிதறி, சாலை ஓரத்தில் வரிசை கட்டிக் கிடக்கும் கூர்முனைத் துணுக்குகளே அவருக்குக் கிடைப்பவை. ஆற்று மணலின் துகள் நீரில் உருண்டு முனை மழுங்கியது. எந்திரத்தில் உடைந்த ஜல்லியின் துகள் எல்லாப் பக்கமும் விளிம்புள்ளது. மெட்ரோ ரயில் பணி, மேம்பாலப் பணி, சாலை அகலப்படுத்தல் என்று ஏதோ ஒரு கட்டுமானம் எப்போதும் நடந்துகொண்டிருக்கும் நகரத்தில் இந்தத் துகளுக்குப் பஞ்சமில்லை.

மழை இதை இன்னொரு வடிவத்துக்கு மாற்றுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் புணே நகரம் பெறும் மழை ஒன்றும் அச்சுறுத்துவதல்ல. ஆண்டு முழுதும் சேர்த்தாலும் 700 முதல் 800 மில்லிமீட்டர்தான். ஆனால் நகரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி, சஹ்யாத்ரி எனப்படும் மேற்குத்தொடர்ச்சி மலையின் விளிம்பில் நிற்கும் லோணாவளாவில் ஆண்டு மழை 4000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மழை தொடங்கியதும் அருவியும் பச்சையும் பார்க்க தாம்ஹிணி கணவாய்க்கும் வரந்தா கணவாய்க்கும் சிங்ககட் மலைக்கும் வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாகப் புறப்படுவது இந்நகரத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. மலையிலிருந்து வழியும் நீர் சாலைக்குக் கொண்டுவரும் செம்மண்ணும், ‘முரூம்’ என்று உள்ளூரில் அழைக்கப்படும் சிதைந்த பாறைச் சரளையும், சமவெளிகளில் ஒட்டினால் விடாத கரிசல் மண்ணும் முன்சக்கரம் வாரியிறைக்க ஃபோர்க்கின் மேலேயே வந்து படிகின்றன. கணவாயைக் கடந்து கீழே இறங்கினால் கொங்கணக் கடற்கரை. அலிபாக், ஹரிஹரேஷ்வர், தாபோலி என்று கடலோரம் போய்த் திரும்பும் வண்டியின் குழாயில் கல்லடி பட்ட புள்ளிகள் இருந்தால், உப்புக்காற்று அவற்றைத் துருப்பிடிக்கவைக்கும் வேகம் நகரத்து மழையின் வேகத்தைவிட மிகக் கூடுதல்.

இத்தனை இருந்தும் புணே நெடுங்காலம் இந்தக் கவலையே இல்லாமல் இருந்தது என்பதற்கு அதன் தொழில் வரலாறு காரணம். அது ஸ்கூட்டர்களின் நகரம். பஜாஜ் நிறுவனம் இத்தாலிய வெஸ்பாவின் உரிமத்தோடு ஸ்கூட்டர் செய்யத் தொடங்கி, 1972இல் சேத்தக்கைக் கொண்டுவந்தபின், அந்த ஒரே வண்டிக்காக மக்கள் பல ஆண்டுகள் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். சேத்தக்கின் முன்சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கப்பட்டு, குட்டையான கையொன்றில் ஊசலாடும் அமைப்பைக் கொண்டது. அகலமான தகரக் கவசத்தின் கீழ் அது ஒதுங்கியிருந்ததால், பளபளக்கும் நீண்ட குழாய் கல்லடிக்கு முகம் கொடுத்து நிற்கும் நிலையே அதில் எழவில்லை. 1980களில் கவாசாகியுடன் கூட்டுச் சேர்ந்து கே.பி.100 போன்ற மோட்டார் சைக்கிள்களும், பின்னர் 2001இல் பல்சரும் வந்து, ஸ்கூட்டர் உற்பத்தியையே அந்நிறுவனம் கைவிடும் அளவுக்குக் காற்று திசைமாறியபோதுதான், டெலஸ்கோப்பிக் ஃபோர்க் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது. இன்று நகருக்கு வடக்கே சாக்கண் தொழிற்பகுதியில் பஜாஜின் ஆலையும், கே.டி.எம். வண்டிகள் உருவாகும் வரிசையும், 1961 முதல் ஷாக் அப்சார்பர் செய்துவரும் கேப்ரியல் இந்தியா நிறுவனத்தின் ஆலையும் இருக்கின்றன. ஃபோர்க்கைச் செய்பவர்களும் அதைக் கெடுக்கும் கல்லும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் ஊர் இந்தியாவில் இதைப்போல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

உறை புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1955இல் சென்னையில் ஒன்றுசேர்க்கத் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு புல்லட்டில் ஃபோர்க்கின் மேற்பகுதியைத் தகரக் குழலே மூடியிருந்தது. 1960களின் ஆங்கிலேய ட்ரையம்ஃப் போனவில் போன்ற வண்டிகளில் ரப்பர் மடிப்புறை இருந்தது. அதற்குப்பின் ஜப்பானிய வண்டிகள் குரோமியக் குழாயை மூடாமல் காட்டத் தொடங்க, உலகமே அதைப் பின்பற்றியது. சீலுக்கான ரப்பரும் உதட்டின் வடிவமும் மேம்பட்டிருந்ததால் அந்த மாற்றத்துக்கு எந்திர நியாயமும் ஓரளவு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மழமழவென்று செப்பனிட்ட ஜப்பானிய நெடுஞ்சாலையில் செல்லுபடியாகும் நியாயம், ஜூலை மாதத்து முல்சிச் சாலையில் செல்லுபடியாகிவிடாது. மூடாத குழாய் ‘ஸ்போர்ட்ஸ்’ தோற்றத்தின் அடையாளமாகவும், ரப்பர் உறை ‘கிராமத்து வண்டி’யின் அடையாளமாகவும் ஆகிப்போனதே நடுத்தர விலை வண்டிகளிலிருந்து உறை மறைந்ததற்கு மெய்யான காரணம். இதில் நகைமுரண் என்னவென்றால், பழைய ஆங்கிலேய அழகை மீட்டெடுத்து 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டு இண்டர்செப்டார் 650-இல் அதே ரப்பர் உறை நாகரிகப் பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது.

இப்போது வண்டிக்காரர் தாமே வாங்கிப் பொருத்தக்கூடிய உறைகளுள் முதலிடம் ஆர்மோனியத் துருத்தியைப்போல் விரிந்து சுருங்கும் ரப்பர் மடிப்புறைக்கே உரியது. கடைகளில் ‘ஃபோர்க் பூட்’ என்றோ ‘கெய்ட்டர்’ என்றோ கேட்டால் கிடைக்கும். புணேயில் இருசக்கர உதிரிபாகக் கடைகள் நெருங்கிக் கிடக்கும் நானா பேட் பகுதியில் பல அளவுகளில் தொங்குவதைக் காணலாம். வாங்கும்போது அளக்க வேண்டியவை மூன்று. உறையின் மேல்வாய் எஃகுக் குழாயின் விட்டத்துக்கு ஒட்டியதாக இருக்க வேண்டும். பல்சர் 150 போன்ற வண்டிகளில் இது 31 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸில் 37, ஹிமாலயன் 411-இல் 41. கீழ்வாய், அலுமினியக் குழாயின் மேல் விளிம்பைக் கவ்வும் அளவாக வேண்டும். பலர் மறந்துவிடும் மூன்றாவது, உறையின் முழுதும் சுருங்கிய நீளம். ஃபோர்க் கடைசிவரை அமுங்கும்போது கீழ்க்குழாய்க்கும், இரண்டு கால்களையும் இணைத்துப் பிடிக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே எஞ்சும் இடம், மடிப்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக நிற்கும் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால், பெரிய பள்ளத்தில் உறையே முட்டுக்கட்டையாகிக் கிழியும். கையால் அழுத்திச் சுருக்கி, அளவுநாடா வைத்துப் பார்த்து வாங்குவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ரப்பரின் வகையும் கவனிக்கத்தக்கது. இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் சீக்கிரம் வெடிப்பு விடும், ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வெயிலைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், வெயிலுக்கு அவ்வளவாக ஈடுகொடுக்காது. எந்த உறையும் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுப்பதில்லை என்பதால், மடிப்பின் பள்ளத்தை விரித்துப் பார்த்து நுண்வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுவதே வழி.

இதற்கு மாற்றாக விற்கப்படுவது, முக்குளிப்போரின் உடைக்குப் பயன்படும் நியோப்ரீன் துணியாலான, பசைப்பட்டையால் சுற்றி ஒட்டும் உறை. சக்கரத்தைக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்பதே இதன் பெருமை. அதன் குறையும் அங்கேதான் தொடங்குகிறது. குழாயையும் சீலையும் ஒட்டித் தழுவிக் கிடக்கும் அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்கிறது. நுண்ணிய மண் அதன் இழைகளில் தங்கிவிட்டால், ஃபோர்க் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் காக்க வந்த துணியே குழாயைத் தேய்க்கத் தொடங்குகிறது. ஒரு பயணத்துக்கு முன் மாட்டி, முடிந்ததும் கழற்றி அலசிக் காயவைக்கும் ஒழுக்கமுள்ளவருக்கு அது நல்ல பொருள். மழைக்காலம் முழுவதும் வண்டியிலேயே விட்டுவைப்பவருக்கு மூடாத குழாயே மேல். சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயில் செருகிக் கம்பியால் கட்டும் பழைய நாட்டு வைத்தியம் விலையில் எல்லாவற்றையும் வென்றாலும், காற்று புக வழியில்லாத அந்த டியூபுக்குள் தேங்கும் வியர்வையீரம் துருவுக்கு வாசலாகிவிடுகிறது.

தலைகீழ் ஃபோர்க் எனப்படும் யு.எஸ்.டி. அமைப்பு இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. அதில் பருத்த குழாய் மேலேயும் மெல்லிய பளபளப்புக் குழாய் கீழே சக்கரத்தருகிலும் இருக்கும். சாக்கணில் உருவாகும் கே.டி.எம். டியூக் 2012இல் அதை இங்கே பரவலாக அறிமுகப்படுத்தியது. டோமினார் 400-க்கு 2019இலும் பல்சர் என்.எஸ்.200-க்கு 2023இலும் அது வந்தது. வளைவுகளில் உறுதி கூடுகிறது என்பது உண்மை. ஆனால் காக்கப்பட வேண்டிய பரப்பு கல்லும் சேறும் நேராகத் தாக்கும் உயரத்துக்கு இறங்கிவிட்டதோடு, சீல் இப்போது எண்ணெய்க்குக் கீழே வாயைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. சாதாரண ஃபோர்க்கில் சீல் கெட்டால் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிக் கசிய, யு.எஸ்.டி.-யில் அது புவியீர்ப்பின் தயவில் தானாகவே இறங்கி நேராகப் பிரேக்கின் மேல் விழுகிறது. இத்தகைய வண்டிக்கு உரியது, அச்சருகே போல்ட் வைத்துக் குழாயின் முன்முகத்தை மறைத்து நிற்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கவசம். 2024 ஜனவரியில் புணேயின் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் இந்திய சூப்பர்கிராஸ் ரேசிங் லீகின் முதல் சுற்று நடந்தபோது மண்மேடுகளைத் தாண்டிப் பறந்த வண்டிகளைப் போன்ற பந்தய வண்டிகள் எல்லாமே அத்தகைய கவசத்தோடுதான் களமிறங்குகின்றன. அது கல்லடியைத் தடுக்கும், சேற்றைத் தடுக்காது. எனவே ஓட்டிவந்ததும் ஈரத்துணியால் குழாயைத் துடைக்கும் வேலை மிச்சம் இருக்கவே செய்யும்.

மடிப்புறையைப் பொருத்துவது அரை நாள் வேலை. கடினமில்லை, ஆனால் முன்சக்கரமும் பிரேக்கும் சம்பந்தப்பட்டது என்பதால் பழக்கமில்லாதவர் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியபின், சக்கரம் கழற்றப்படுகிறது. டிஸ்க் பிரேக்கின் காலிப்பரை அதன் எண்ணெய்க் குழாயிலேயே தொங்கவிடக் கூடாது. ஒரு கயிற்றால் சட்டத்தோடு கட்டிவைக்க வேண்டும். மட்கார்டைக் கழற்றி, ஃபோர்க்கின் கால்கள் மேல்தட்டுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை அளந்து குறித்துக்கொண்டபின்தான் தட்டுகளின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். திருப்பிப் பொருத்தும்போது இரண்டு காலும் அதே உயரத்தில் நிற்காவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கால் கீழே இறங்கி வந்ததும் குழாயை நன்றாகத் துடைத்து, விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை: நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே வடு இருக்கிறது. உறையின் உள்வாயில் சிலிக்கான் கிரீஸ் சிறிது தடவினால் எளிதாக ஏறும். சாதாரணக் கிரீஸ் பல ரப்பர்களை ஊதிப்போகச் செய்துவிடும்.

உறையின் அடிப்பகுதியில் சிறு துளைகள் இருப்பதைப் பலர் குறையென்று நினைத்துப் பசைவைத்து அடைத்துவிடுகிறார்கள். ஃபோர்க் அமுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறவும், நீளும்போது திரும்ப நுழையவும், புகுந்த நீர் வடியவும் அந்தத் துளைகளே வழி. அவை அடைபட்டால் உறை பலூனாக உப்பித் தன் கவ்வலிலிருந்து நழுவிவிடும். முன்சக்கரம் வாரியிறைக்கும் நீர் நேராக நுழையாதபடி துளைகளைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, மேல்வாயையும் கீழ்வாயையும் கிளிப்பால் பிடிக்க வேண்டும். கிளிப்பை ரப்பர் வெட்டுப்படும் அளவுக்கு முறுக்குவது தேவையில்லை. சக்கரத்தை மாட்டியபின், அச்சைப் பிடிக்கும் சிறு போல்ட்டை இறுக்கும் முன் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டால், இரண்டு காலும் தமக்குரிய இடத்தில் இணையாக அமர்ந்துகொள்ளும். ஹேண்டில்பாரை இரண்டு கோடிக்கும் திருப்பி, கேபிளோ பிரேக் குழாயோ உறையில் சிக்குகிறதா என்று பார்ப்பதும், தெருவில் இறங்கும் முன் பிரேக் லிவரை அது கெட்டியாகும் வரை சிலமுறை அமுக்குவதும் கட்டாயம்; காலிப்பரைக் கழற்றியபோது பின்வாங்கிய பேடுகள் முதல் அமுக்கலிலேயே டிஸ்க்கை எட்டுவதில்லை.

உறை மாட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்ற எண்ணம்தான் இதில் மிகப் பெரிய ஆபத்து. மூடாத குழாயில் துரு தெரியும், எண்ணெய் வளையம் தெரியும். மூடிய குழாயில் இரண்டும் தெரியாது. மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இருமுறை, மேல் கிளிப்பைத் தளர்த்தி உறையைக் கீழே இறக்கி, குழாயையும் டஸ்ட் சீலையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் வெறும் தூசியென்றால் நலம், எண்ணெய்க் கறையென்றால் சீலைக் கவனிக்கும் நேரம் வந்துவிட்டது. வாட்டர் சர்வீஸ் கடைகளில் அழுத்தத்தோடு பாயும் நீரைச் சீலை நோக்கியோ உறையின் வாயை நோக்கியோ பிடிக்க விடக் கூடாது. பளபளப்புக்காகச் சிலர் செய்யும் டீசல் வாஷ் ரப்பர் உறைக்கு நேர் எதிரி. டீசல் பட்ட ரப்பர் முதலில் மினுமினுத்து, பிறகு ஊதி, ஒரு கோடையிலேயே தளர்ந்து தொங்கிவிடும்.

ஏற்கெனவே வடுப்பட்ட குழாயை உறை குணப்படுத்துவதில்லை. வடு சிறியதாகவும், சீல் ஓடும் எல்லைக்கு மேலே கீழ்த்தட்டை ஒட்டியும் இருந்தால், மிக நுண்ணிய தாளால் கூர்விளிம்பை மட்டும் மழுக்கிவிட்டு ஓட்டலாம். சீல் ஓடும் எல்லைக்குள் இருந்தால் எத்தனை புதிய சீல் போட்டாலும் கசிவு திரும்பி வரும். பழைய பூச்சை உரித்து, கடினக் குரோமியத்தை மறுபடி பூசி, அளவுக்கு அரைத்துத் தரும் பட்டறைகள் தொழில் நகரங்களில் உண்டு. பெரிய வண்டிகளின் விலையுயர்ந்த குழாய்க்கும், உதிரிபாகம் கிடைக்காத பழைய வண்டிகளின் குழாய்க்கும் அந்தச் செலவு தகும். அன்றாடம் ஓடும் 31 மில்லிமீட்டர் குழாய்க்குப் புதிய குழாயையே வாங்கிப் போடுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். அதை மாட்டும் அன்றே, கால்கள் எப்படியும் கழன்றிருப்பதால், உறையையும் சேர்த்து மாட்டிவிட்டால் கூலி ஒரே கூலியாக முடிந்துவிடும்.